வீட்டு லேபுக்கு 2960-ஆ, 3560-ஆ?

இரண்டுமே சிஸ்கோ நிறுவனத்தின் பழைய கேட்டலிஸ்ட் நெட்வொர்க் ஸ்விட்சுகள். செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியதுதான். விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனித்தனி நெட்வொர்க்), டிரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் கடத்தும் இணைப்பு), ஸ்பானிங் ட்ரீ, போர்ட் செக்யூரிட்டி என்று சிசிஎன்ஏ-வின் (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) லேயர் 2 (ஒரே நெட்வொர்க்குக்குள் நடக்கும் ஸ்விட்சிங்) பாடங்களை 2960-லேயே பழகிவிடலாம். விலான்களுக்கு இடையே பாக்கெட் போகத்தான் பக்கத்தில் ஒரு ரவுட்டர் வேண்டும். (ஸ்விட்சின் மென்பொருளான ஐஓஎஸ்-ஐப் புதிதாக ஏற்றினால் ஸ்டாட்டிக் ரவுட்டிங், அதாவது நாம் கையால் எழுதிக்கொடுக்கும் வழிகள், கொஞ்சம் செய்யும். வழிகளைத் தானே கற்றுக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் எல்லாம் கேட்கக்கூடாது.) 3560 லேயர் 3, அதாவது ரவுட்டிங்கும் செய்யும். 'ஐபி ரவுட்டிங்' என்று ஒரு வரி அடித்து, விலானுக்கு விலான் ஐபி கொடுத்தால் தானே பார்த்துக்கொள்ளும்.

செல்லூர் வீட்டு மாடியில் 3560-இல் முதல்முறை டிரங்க் போட்டபோது ஏற்கவே மறுத்தது. அரை மணி நேரம் கேபிளைத் திட்டினேன். விஷயம் இதுதான்: டிரங்கில் எந்த பாக்கெட் எந்த விலானுடையது என்று அடையாளமிட அதற்கு ஐஎஸ்எல், டாட்1கியூ என்ற இரண்டு முறைகளும் தெரியும், எது என்று முதலில் நாம் சொல்ல வேண்டும். 2960-க்கு டாட்1கியூ மட்டும்தான், அதனால் இந்தக் கேள்வியே எழாது.

24 போர்ட் என்றால் இரண்டிலும் ஃபேன் இரையும். சித்திரை வெக்கையில், படுக்கிற அறையிலேயே லேப் என்றால் ஃபேன் இல்லாத 8 போர்ட் மாடலைப் பாருங்கள்.

என் கணக்கு இரண்டு 2960, ஒரு 3560. பழைய பாஸ்வேர்டோடு வந்தால் பதற வேண்டாம். முன்பக்க மோட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுங்கள், பாஸ்வேர்டு மீட்பு அங்கிருந்துதான் தொடங்கும்.