ஜீக்கில் அம்மாவோட புக்கு சூப்பர், ஆனா அச்சு இருக்கே...

இங்கிலாந்து தோட்ட டிசைனர் ஜெர்ட்ரூட் ஜீக்கில் எழுதின தோட்டக்கலை புக்கு 'வுட் அண்ட் கார்டன்' மறுபதிப்பு ஆன்லைன்ல வாங்கினேன். 1899ல வந்த புக்கு, 71 படம், எல்லாம் அவங்களே எடுத்த போட்டோ. 1885ல கேமரா பிடிக்க ஆரம்பிச்சு பிரிண்ட்டும் வீட்லயே போட்டிருக்காங்க, இத்தனைக்கும் கடுமையான கிட்டப்பார்வை, டாக்டரு பெயின்டிங், எம்பிராய்டரியெல்லாம் விடுங்கன்னு சொல்லிட்டாராம், அதுக்கப்புறம் முழுசா தோட்டம்தான். சுமார் 400 தோட்டம் டிசைன் பண்ணிருக்காங்க!

மாசவாரியா எழுதிருக்காங்க, ஜனவரில தொடங்கி டிசம்பர் வரைக்கும். சர்ரேல இருக்கற அவங்க மன்ஸ்டெட் வுட் தோட்டத்துல எந்த மாசம் எது பூக்கும், எந்த கலர் பக்கத்துல எது வைக்கணும்னு பெரியம்மா யாரோ நம்ம கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும். (அங்க வீடு கட்டிக் கொடுத்தது நம்ம புதுடெல்லியை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் லட்யன்ஸ்தான்!)

ஆனா நான் வாங்கின பதிப்புல போட்டோ பூரா கரி பூசின மாதிரி, எது செடி எது நிழல்னே தெரியல. போட்டோகிராபர் புக்குல போட்டோவையே கெடுத்தா எப்படிங்க? எழுத்துக்கு 5, அச்சுக்கு 1. பழைய பதிப்பு ஸ்கேன் கிடைச்சா அதுல பாருங்க. ஆமா, செடியெல்லாம் இங்கிலாந்து குளிருக்கானது, மொட்டைமாடித் தோட்டத்துக்கு டிப்ஸ் தேடி வாங்கிடாதீங்க.