கணைய மாற்று: சிறுநீரகத்தோடு சேர்த்தா, பிறகா, தனியாகவா?

இன்சுலின் சுரப்பு நின்றுபோன டைப் 1 சர்க்கரை நோயாளிக்குக் கணையம் பொருத்த மூன்று வழிகள் உண்டு. சிறுநீரகமும் செயலிழந்தவருக்கு, மூளைச்சாவு அடைந்த ஒரே கொடையாளரின் இரண்டு உறுப்புகளையும் சேர்த்து வைக்கலாம். சிறுநீரகத்தை முதலில் வைத்துவிட்டுக் கணையத்தைப் பிறகு வைக்கலாம். சிறுநீரகம் நன்றாக இருந்து, சர்க்கரை திடீர் திடீரெனத் தாழ்ந்து நினைவு தப்புகிறவருக்குக் கணையம் மட்டும் வைக்கலாம்.

கணையம் எவ்வளவு காலம் உழைக்கிறது என்று பார்த்தால் முதல் வழியே முந்துகிறது. உடல் புதுக் கணையத்தை எதிர்ப்பது சத்தமில்லாமல் நடக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி விஷயம் தெரிவதற்குள் இன்சுலின் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி அழிந்திருக்கும். அதே கொடையாளரின் சிறுநீரகமும் உள்ளே இருந்தால், பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே அடிபடும். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும், மருத்துவர் உஷாராகிவிடுவார். இரண்டாம் வழியில் சிறுநீரகம் வேறொருவருடையது. கணையத்தின் கதை அதற்குத் தெரியாது. மூன்றாவதில் துப்புக் கொடுக்க ஒற்றனே இல்லை.

இந்தக் குறையைச் சமாளிக்கத்தான் ஒரு காலத்தில் கணையம் சுரக்கும் செரிமான நீரைச் சிறுநீர்ப்பையில் இறக்கினார்கள். சிறுநீரில் அமைலேஸ் என்ற கணைய நொதி குறைந்தால் ஆபத்து என்று புரிந்துவிடும். ஆனால் பைகார்பனேட் என்ற உப்பும் நீரும் வெளியேறி உடல் வறண்டது, சிறுநீர்ப்பை புண்ணானது. இன்று பெரும்பாலும் குடலோடுதான் இணைக்கிறார்கள். எச்சரிக்கை மணியை இழந்து நிம்மதியை வாங்கிய பேரம் அது.

இருந்தும் இரண்டாம் வழியை நான் தள்ளமாட்டேன். அண்ணனோ அக்காவோ சிறுநீரகம் தரத் தயாராக இருக்கும்போது, ஜோடி உறுப்புக்காக ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. கணையத்தின் ஆயுளில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் ஆள் பிழைக்கிறார்.

எந்த வழியானாலும் முதல் வாரக் கண்டம் ரத்தக்கட்டு. கணையத்தில் ரத்த ஓட்டம் மெதுவானது, அதனால் எளிதில் உறையும். கொடையாளர் வயதானவராகவோ பருமனாகவோ இருந்தாலும், பனிக்கட்டியில் உறுப்பு 12 மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலும் அந்த ஆபத்து கூடும்.

கணையம் மட்டும் கேட்பவருக்கு போட்டியாக இன்னொரு வழியும் உண்டு. 2000இல் கனடாவின் எட்மன்டனில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் தீவுச் செல்களை மட்டும் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாயில் செலுத்தி, 7 பேரை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்தார்கள். வயிற்றைக் கிழிக்கும் பெரிய அறுவை கிடையாது. பலருக்கு ஊசி சில ஆண்டுகளில் திரும்பி வந்தது, ஆனால் நினைவு தப்புவது வெகுவாகக் குறைந்தது. அந்த மயக்கத்துக்குப் பயந்தே அறுவைக்கு வருகிறவர் என்றால், இதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.