கல்லாவின் முன் நிற்கும் நாடுகள்

ரொக்கம் நீட்டுபவர் பழைய காலத்தவர், அட்டை தேய்ப்பவர் இடைக்காலத்தவர், கைபேசியைக் காட்டுபவர் இன்றைய காலத்தவர் என்று ஒரு படிக்கட்டு நம்மில் பலர் மனத்தில் இருக்கிறது. அதில் நாடுகளை ஏற்றிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. ஜெர்மனியும் ஜப்பானும் கீழ்ப்படியில் தங்கிவிடும். கென்யா அமெரிக்காவின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே படிக்கட்டை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு நாடும் எதைக் கண்டு அஞ்சியதோ அதற்கேற்பத் தன் கல்லாப்பெட்டியை அமைத்துக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. அந்த அச்சத்துக்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு.

பால்டிக் கடலின் இரு கரைகளிலிருந்து தொடங்குகிறேன். ஐரோப்பாவில் முதன்முதலாகக் காகித நோட்டு வெளியிட்டது ஸ்வீடன், 1661இல். அதே நாடுதான் இன்று நோட்டைக் கைகழுவுவதிலும் முன்வரிசையில் நிற்கிறது. அங்கே அச்சம் கொள்ளைக்காரர்கள் மேல். பஸ் ஓட்டுநர்களைத் தாக்கிப் பணப்பையைப் பறிப்பது பெருகியபோது, வண்டியில் ரொக்கமே வேண்டாம் என்று தொழிற்சங்கமே குரல் கொடுத்தது. 2009 செப்டம்பரில் ஒரு கும்பல் ஸ்டாக்ஹோமில் இருந்த பணக் கிடங்கின் கூரையில் ஹெலிகாப்டரில் இறங்கி நோட்டுக் கட்டுகளை அள்ளிக்கொண்டு பறந்தது. 2012 டிசம்பரில் ஆறு வங்கிகள் சேர்ந்து ‘ஸ்விஷ்’ என்ற கைபேசிச் சேவையைக் கொண்டுவந்தன. 2013இல் ஸ்டாக்ஹோமில் ஒருவன் வங்கிக்குள் புகுந்து மிரட்டினான். அந்தக் கிளையில் ரொக்கமே கையாளப்படுவதில்லை என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்பினான். இப்போது கடைக்காரர் வாசலில் ‘ரொக்கம் ஏற்பதில்லை’ என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டால் போதும், பெரும்பாலும் சட்டம் குறுக்கே வருவதில்லை.

கொள்ளைக்காரன் போய்விட்டானா? துப்பாக்கியை வைத்துவிட்டு தொலைபேசியை எடுத்துக்கொண்டான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி முதியவர்களிடம் மின்னடையாளத்தைப் பெற்றுக் கணக்கைத் துடைப்பதுதான் இன்று அங்கே பெருந்தொல்லை. ஸ்விஷ் வேண்டுமென்றால் ஸ்வீடன் வங்கிக் கணக்கும், அதைத் திறக்க நடைமுறையில் அந்நாட்டு அடையாள எண்ணும் வேண்டும். புதிதாக வந்து இறங்கியவர் பையில் பணம் இருந்தும் வெளியே நிற்பார்.

ஜெர்மானியருக்குத் திருடனை விட அதிக பயம் வேறொன்றில் இருந்தது. 1923இல் அவர்கள் கையிலிருந்த மார்க் காகிதமாகிப் போனது. 1948இல் நாணயச் சீர்திருத்தம் சேமிப்பின் பெரும்பகுதியைக் கரைத்தது. இதற்கிடையில் நாஜி அரசும், பின்னர் கிழக்கு ஜெர்மனியின் அரசும், குடிமக்களின் ஒவ்வொரு அசைவையும் குறித்துவைத்தன. பணத்தை வாங்கியவர், கொடுத்தவர் இருவரைத் தவிர மூன்றாமவருக்குத் தெரியாத ஒரே முறை ரொக்கம்தான். ‘ரொக்கமே மெய்’ என்று பொருள்படும் எதுகைப் பழமொழியே அம்மொழியில் உண்டு. கடனைக் குறிக்கும் சொல்லே குற்றத்தையும் குறிக்கும் மொழி அது. கிரெடிட் கார்டு நிறுவனங்கள் அங்கே மெல்ல நடந்ததில் வியப்பென்ன?

ஆனாலும் அந்தப் பிடி தளர்கிறது. மத்திய வங்கியான புந்தெஸ்பாங்க் நடத்தும் ஆய்வில், நூறு கொடுக்கல் வாங்கலில் 2017இல் 74 ரொக்கமாக நடந்தன, 2021இல் 58, 2023இல் 51.

இரண்டு நாடுகளையும் இரண்டு விபத்துகள் நன்றாகப் பிரித்துக் காட்டின. 2021 ஜூலையில் கணினிச் சூறையாடல் ஒன்று ஸ்வீடனின் ‘கூப்’ என்ற மளிகைக் கடைத்தொடரின் விற்பனை இயந்திரங்களை முடக்கியது. சுமார் 800 கடைகள் கதவை மூடின. 2022 மே மாதம் ஜெர்மனியில் ஒரு குறிப்பிட்ட வகை அட்டைக் கருவி நாடெங்கும் செத்துப்போனது. பெரிய கடைத்தொடர்களில் நாள்கணக்கில் அட்டை ஏறவில்லை. அங்கே கடைகள் மூடவில்லை. மக்கள் ஏடிஎம்முக்குப் போய்விட்டு வந்தார்கள். நேர்மையாகச் சொல்வதானால் இந்த ஒப்பீட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்வீடனில் பழுதானது கல்லாவே. கை நிறைய நோட்டு வைத்திருந்தவரும் அன்று அந்தக் கடையில் எதையும் வாங்கியிருக்க முடியாது. ரொக்கத்தின் பக்தர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எனினும் ஸ்வீடன் அரசு 2018இலும் 2024இலும் வீடு வீடாக அனுப்பிய போர்க்கால, நெருக்கடிக்காலக் கையேட்டில் வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கும்படி அறிவுரை இருந்தது. கையில் வாங்க மாட்டேன் என்று சொல்லும் கடைகளின் நாட்டில், பெட்டியில் வைத்துக்கொள் என்கிறது அரசு!

நோட்டின் ஆயுளிலும் நாடுகள் ஒத்துப்போவதில்லை. 2002இல் யூரோவுக்கு மாறிய ஜெர்மனியில், பழைய மார்க் நோட்டை இன்று கொண்டுபோனாலும் புந்தெஸ்பாங்க் யூரோவாக மாற்றித் தரும். கெடு தேதியே கிடையாது. 2021 ஜூலை வெள்ளத்தில் சேறும் நீருமாக ஊறிய நோட்டுகளை அதே வங்கி உலர்த்தும் இயந்திரங்களில் போட்டுக் காயவைத்து எண்ணி, புது நோட்டு கொடுத்தது. இதற்கு நேர்மாறானது இந்தியாவின் 2016 நவம்பர் 8. அன்று இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் அவை 86 விழுக்காடு. வங்கியில் கட்டி மாற்ற அவகாசம் இருந்தது என்பது உண்மை. வரிசையில் நின்ற கால்களைக் கேட்டால் அந்த அவகாசத்தின் விலை தெரியும்.

ஜப்பானைப் பலரும் ஜெர்மனியோடு ஒரே பட்டியில் கட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஜெர்மானியர் ரொக்கத்தை வைத்திருப்பது கண்காணிப்புக்கு அஞ்சி. ஜப்பானியருக்கோ அஞ்ச வேண்டியதே அதிகம் இருக்கவில்லை: தெருவில் வழிப்பறி அரிது, தொலைந்த பணப்பை காவல் சாவடிக்கு வந்து சேரும், கள்ள நோட்டு கண்ணில் படாது. நன்றாக ஓடும் வண்டியை யார் மாற்றுவார்? கல்லாவில் பணத்தைக் கையில் திணிக்காமல் சிறு தட்டில் வைப்பார்கள். மீதியும் தட்டில் வரும். ஐந்து யென் நாணயத்தின் பெயர் ‘நல்ல தொடர்பு’ என்ற சொல்லைப் போலவே ஒலிப்பதால் ஆலயக் காணிக்கைக்கு அதுவே உகந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டி இந்தப் பழக்கத்தைப் பெயர்க்க முடியாது. இத்தனைக்கும் கியூஆர் குறியீடே ஜப்பானில்தான் பிறந்தது. 1994இல் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண அதை உருவாக்கியது. அதைக் காகிதத்தில் அச்சிட்டுக் கடை மேசையில் ஒட்டிக் கோடிக்கணக்கில் காசு பார்த்தது சீனா. 2004இல் தொடங்கிய அலிபே, 2013இல் வந்த வீசாட் பே ஆகிய இரண்டு நிறுவனங்களின் கையில் அன்றாடப் பணம் மொத்தமும் போய்ச் சேர்ந்தது. ரொக்கத்தை மறுப்பது சட்டவிரோதம் என்று 2018இல் மத்திய வங்கி எச்சரிக்க வேண்டிய அளவுக்கு அது போயிற்று.

அட்டைக்கு ஒரு கருவி வேண்டும், கருவிக்கு ஒரு கட்டணம் வேண்டும். கியூஆர் தாளுக்கு எதுவும் வேண்டாம். ஆனால் வாங்குபவரிடம் இணையமுள்ள கைபேசி இருந்தாக வேண்டும். அதுவும் இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்குக் கென்யா 2007 மார்ச்சிலேயே விடை வைத்திருந்தது: எம்பெசா என்ற கைபேசிப் பணச் சேவை.

எம்பெசாவில் ‘எம்’ என்பது மொபைல். ‘பெசா’ சுவாஹிலியில் பணம், நம் பைசாவின் உறவுக்காரச் சொல். சிறுகடன் தவணையைக் கைபேசி வழியே கட்ட வைக்கலாம் என்றுதான் வெள்ளோட்டம் விட்டார்கள். மக்களோ அந்தப் பணத்தை ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். நகரத்தில் சம்பாதித்ததை ஊருக்கு அனுப்ப அதுவரை பஸ் ஓட்டுநரிடம் உறையைக் கொடுத்துவிட்டுக் கும்பிட வேண்டியிருந்தது. வழியில் பணம் காணாமல் போகும் என்பதுதான் அங்கே அச்சம். சாதாரண பொத்தான் கைபேசி, ஒரு ரகசிய எண், தெருமுனையில் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு கணக்கில் ஏற்றும் முகவர். வங்கிக் கணக்கே தேவையில்லை. கென்ய மத்திய வங்கி முன்கூட்டியே சட்டம் எழுதிக்கொண்டிராமல், தடையில்லை என்று ஒரு கடிதம் கொடுத்து ஒதுங்கி நின்றது. தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் முந்திக்கொண்டது. விலை? அனுப்பும் தொகைக்கேற்பக் கட்டணம், அதன் மேல் அரசின் வரி. ஏழையின் பணம் பத்திரமாகப் போகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்து போகிறது.

இந்திய ரிசர்வ் வங்கி வேறு வழியில் போனது. கைபேசிப் பணம் வங்கிகளின் தலைமையில்தான் நடக்க வேண்டும் என்று நின்றது. கென்யாவில் நடந்தது இங்கே நடக்காமல் போனதற்கும், பின்னால் வேறொன்று நடந்ததற்கும் அந்தப் பிடிவாதமே காரணம். 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் கணக்குகளைப் பெருக்கியது. 2016 ஏப்ரலில் யூபிஐ வந்தது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும், எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பணம் போகும். கென்யாவில் சாலையும் வண்டியும் ஒரே முதலாளிக்கு. இந்தியாவில் சாலை பொதுவானது. ஆனால் அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டே நிறுவனங்களுடையவை. 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லோரும் இலவசம் என்கிறார்கள். சாலையைப் பராமரிக்கும் செலவு எங்கும் போய்விடவில்லை. அரசு வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஊக்கத்தொகை கொடுக்கிறது. மீதியை வங்கிகள் முனகிக்கொண்டே சுமக்கின்றன. கைபேசியே இல்லாதவரும் வரி மூலம் இதற்குப் பங்கு கொடுக்கிறார்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பிரேசிலின் ‘பிக்ஸ்’ என்ற உடனடிப் பணச் சேவை. பணவீக்கம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான விழுக்காட்டில் ஓடிய நாடு அது; 1994இல் ரெயால் நாணயம் வரும்வரை, ஒரு நாள் வழியில் தங்கிய பணம் இளைத்துப்போகும். அதனால் அங்குள்ள வங்கிகள் முன்பே வேகம் கற்றிருந்தன. 2020 ஜூனில் வாட்ஸ்அப் தன் பணச் சேவையை அங்கே தொடங்கியதும் மத்திய வங்கி அதை நிறுத்திவைத்தது. நவம்பரில் தன் சொந்தப் பிக்ஸை இறக்கியது. ஐந்து லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர் கணக்கு வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அதில் சேர்ந்தே தீர வேண்டும். தனிமனிதருக்குக் கட்டணம் இல்லை; வணிகரிடம் சிறிதளவு வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் எங்கே விழ வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்ன நாடு என்பதால்தான் என் ஓட்டு அதற்கு. ஆடுகளத்தை வரைந்தவரே ஆட்டமும் ஆடுவது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கா 2025 ஜூலையில் பிரேசில் மேல் தொடங்கிய வணிக விசாரணையில் அரசு உருவாக்கிய மின்னணுப் பணச் சேவையும் ஒரு புகாராக இடம்பெற்றது. வேகத்துக்கும் ஒரு விலை இருந்தது. ஆளைக் கடத்திக் கைபேசியைப் பிடுங்கிக் கணக்கைக் காலிசெய்யும் கும்பல்கள் கிளம்பின. 2021 அக்டோபரில் இரவு எட்டு மணி முதல் காலை ஆறு வரை 1,000 ரெயால் என்று உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. ஸ்வீடனில் ரொக்கம் மறைந்ததும் கொள்ளையன் தொலைபேசிக்குப் போனான். பிரேசிலில் தொலைபேசியோடு சேர்த்து ஆளையே தூக்கினான்.

எல்லாவற்றையும் விட விசித்திரம் அமெரிக்கா. அங்கே அட்டை திருடுபோனால் உரிமையாளரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்று 1970களிலேயே கிரெடிட் கார்டுக்குச் சட்டம் அரண் கட்டிவிட்டது. அச்சம் போனதால் எல்லோரும் கடனில் வாங்கினார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் வணிகர் ஒரு பங்கை வங்கிக்கும் அட்டை நிறுவனத்துக்கும் கொடுக்கிறார். அதிலிருந்து ஒரு துண்டு ‘புள்ளிகள்’ என்ற பெயரில் வாடிக்கையாளருக்குத் திரும்பி, விமான டிக்கெட்டாக மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வங்கிகளுக்கிடையிலான இந்தக் கட்டணத்தை டெபிட் கார்டுக்கு 0.2 விழுக்காடு, கிரெடிட் கார்டுக்கு 0.3 விழுக்காடு என்று அடைத்துவிட்டதால் அங்கே புள்ளி விளையாட்டு இவ்வளவு செழிக்கவில்லை. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. வணிகர் அந்தச் செலவை எல்லாப் பொருள்களின் விலையிலும் ஏற்றுகிறார். நோட்டு நீட்டி வாங்கும் ஏழை, தன்னை அறியாமலேயே பணக்காரரின் விமானப் பயணத்துக்குச் சில்லறை போடுகிறார். கென்யாவின் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது, திட்டவாவது முடிகிறது.

டிப்ஸ் கதையும் இதே குடும்பம்தான். டிப்ஸ் பெறும் ஊழியருக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மீதியை உண்டவர் தன் விருப்பப்படி நிரப்புவார் என்பது ஏற்பாடு. ஜப்பானில் மேசையில் காசு வைத்துவிட்டு எழுந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள்.

இத்தனையும் பார்த்தபின் நான் கேட்பது இரண்டுதான்: பிரேசில்போல் பொதுச் சாலை, பக்கத்தில் ரொக்கத்துக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. இரண்டாவதை நார்வே சட்டத்தில் உறுதியாக்கியிருக்கிறது. 2024 அக்டோபர் முதல், விற்பனையாளர் நிற்கும் கடையில் ரொக்கத்தை மறுத்தால் அபராதம் விழலாம். விற்பனையாளரே இல்லாத கடைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அப்படிப்பட்ட கடைகளும் இப்போது புதிதாகத் திறக்கப்பட்டு வருகின்றன.