சுங்கை சிப்புட்டில் எண்ணெய்ச் சிகிச்சை

மெல்பர்னிலிருந்து மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனதும் சின்னம்மா முதல் வேலையாக ஆயுர்வேத நிலையத்தில் என் பெயரைப் பதிந்துவிட்டார். "வாதம்தானே, எண்ணெய் போட்டா இறங்கிடும்" என்பது அவர் நம்பிக்கை. எனக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நம் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றிய மயலின் என்ற பாதுகாப்பு உறையைத் தாக்கும் நோய். ஆயுர்வேதத்தில் இந்தப் பெயர் கிடையாது. அறிகுறிகளை வைத்து வாதவியாதியில் சேர்க்கிறார்கள். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் 28-ஆவது அத்தியாயம் அதற்கானது.

வைத்தியர் கேரளாவில் படித்தவர். நாடியைத் தொடும் முன்பே, "இப்ப என்ன ஊசி, மாத்திரை எடுக்கறீங்க?" என்று கேட்டார். இந்த நோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஒக்ரெலிசுமாப் மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார். வெயிலில் பார்வை மங்குமா என்றார். மங்கும் என்றதும் சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீராவிக் குளியலை அடித்துவிட்டார். அங்கேயே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. உடம்பு சூடானால் உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடுமாறும். ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இலேயே இதை எழுதியிருக்கிறார். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடும் என்பதால் அஸ்வகந்தாவும் வேண்டாம் என்றார்.

மிஞ்சியது க்ஷீரபலா தைலம்: குறுந்தொட்டி, பால், நல்லெண்ணெய். என் பாதத்துக்குச் சூடு தெரியாது. தேய்த்துவிட்ட அக்கா ஒவ்வொரு முறையும் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் என் காலில் ஊற்றினார். கெண்டைக்கால் இறுக்கம் தளர்ந்தது, இரவு நன்றாகத் தூங்கினேன். ஆனால் தைலம் நோயை நிறுத்தாது. ஊசியை ஒருநாளும் விடாதீர்கள் என்று வைத்தியரே சொன்னார்.

கடைத்தெருவில் வேறு கதை. ஒரு நாட்டு மருந்துக் கடையில் லேபிள் இல்லாத கறுப்புப் பொடியை நீட்டி, "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு இதைச் சாப்பிடுங்க" என்றார்கள். கோபம்தான் வந்தது. மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், கடைசி எழுத்து டி (T). அது இல்லாததை வாங்காதீர்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த 2008 அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

நிலையத்தில் ஒரே குறை குளியலறை. கைப்பிடி இல்லை, எண்ணெய்க் காலோடு படி இறங்க வேண்டும். சொன்னேன், பொருத்துகிறோம் என்றார்கள். அதுவரை துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். அப்புறம், காலை நேரமாகக் கேளுங்கள். மதியம் அந்தத் தகரக் கூரைக்கடியில் சூடு ஒத்துக்கொள்ளாத நம்மைப் போன்றவர்களால் படுக்க முடியாது.