பில்லில் சீலன்ட், டயருக்குள் ரப்பர் பால்

நாகர்கோவில் பக்கம் சைக்கிளை டியூப்லெஸ் ஆக்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும். கடைப்பெயர் வேண்டாம். ஒருவர் அப்படி ஆக்கி வாங்கிய சைக்கிள், சக்கரம் 29×2.25 அங்குலம். பில்லில் ஸ்போக் துளைகளை மூடும் டியூப்லெஸ் டேப், வால்வு, ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவமான சீலன்ட் 100 மி.லி., மூன்றுக்கும் தனித்தனியாகக் காசு. மாலையில் 26 பி.எஸ்.ஐ. அடித்தால் விடியும்போது டயர் சப்பிக் கிடக்கிறது. "ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிரும்" என்றார்களாம். ஆகாது.

டயரைக் கழற்றியதுமே அம்மோனியா நெடி. ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்கு மூக்கே சொல்லிவிடும், தோட்டத்து ரப்பர் பால் கேனைத் திறந்த வாடை. உறையாமலிருக்க அம்மோனியா விட்ட ரப்பர் பாலில் தண்ணீர் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். கடைச் சீலன்ட்டிலும் பெரும்பாலும் ரப்பர் பால்தானே என்றால், ஆமாம். ஆனால் அது சீக்கிரம் காயாமலிருக்கக் கிளைக்கால் என்ற திரவமும், ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளத் துகள்களும் அதில் இருக்கும். வெறும் பால் ஓட்டையில் மெல்லிய ஆடைதான் கட்டும், காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மிச்சம் உள்ளே உறைந்து ஒட்டுப்பால் உருண்டையாகக் கிடந்தது. போதாக்குறைக்கு அம்மோனியா அலுமினிய ரிம்மையும் அரிக்கும்.

இருந்தும் காற்று இறங்கியதற்குப் பெரிய காரணம் டேப். ரிம்மின் உள்அகலம் 25 மி.மீ.; ஒட்டியிருந்ததோ அதைவிடக் குறுகலான பார்சல் டேப், அதுவும் ஒரே சுற்று. ஒவ்வொரு ஸ்போக் துளைக்கு மேலும் குழி விழுந்து, சில இடங்களில் கீறியே இருந்தது. டேப் ரிம்மின் உள்அகலத்தைவிட 2, 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பழைய பசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டி, வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் மேலேறி முடிக்க வேண்டும். வால்வு ஓட்டையைப் பிளேடால் குறுக்காகக் கீறக் கூடாது, கீறல் ஓடிவிடும். சூடு காட்டிய ஊசியால் குத்தினால் போதும். வால்வு நட்டைக் கையால் முறுக்குங்கள். பிளையர் போட்டு இறுக்கிவிட்டால் நடுவழியில் டியூப் போட நேரும்போது கழற்ற முடியாது.

காசு கொடுக்கும் முன் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஸ்போக் ரிம்மில் சேரும் நிப்பிளில் குமிழி வந்தால் டேப் ஒழுகுகிறது. டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் வந்தால் பீட், அதாவது ரிம்மில் பிடித்துக்கொள்ளும் டயர் ஓரம், சரியாக உட்காரவில்லை. டயர் ஓரத்தில் வார்த்திருக்கும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். உட்காரவில்லையென்றால் வால்வுக்குள் திருகியிருக்கும் கோரைக் கழற்றி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரில் அடிக்கச் சொல்லுங்கள். பீட் உட்காரும்போது டப் டப்பென்று சத்தம் கேட்கும். டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் அழுத்தங்களில் எது குறைவோ, அதைத் தாண்டக் கூடாது. டியூப்லெஸ் ரெடி அல்லாத ரிம் என்றால் இந்த வேலையே வேண்டாம், பீட் கழன்று வந்துவிடலாம்.

சீலன்ட்டைக் கண்முன்னே பாட்டிலைக் குலுக்கி, சிரிஞ்சில் அளந்து ஏற்றச் சொல்லுங்கள். நம்மூர் வெயிலுக்கு இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்துவிடலாம். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டும்போது சளப்பு கேட்காவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும்.