வெற்றிலைத் தட்டமும் கிளினிக் அட்டையும்: வன்னியின் தாய்சேய் சேவை எப்படி?

வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி புகையிலையையோ குடியையோ தூளையோ (ஹெரோயின்) விடவேண்டியிருந்தால், இலங்கையின் வன்னியில் முதல் படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தாய்சேய் கிளினிக்தான். காசு கட்டத் தேவையில்லை. எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. பதிந்ததும் எச் 512 அட்டை, அதாவது கர்ப்பகாலப் பதிவு அட்டை, கையில் கிடைக்கும். அதன் மறுபிரதி மிட்வைஃபிடம் (மருத்துவமாது) இருக்கும்.

இந்தச் சேவையின் பலம் வீட்டுத் தரிசிப்பு. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து உள்ளூர்களிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். மிட்வைஃப் படலைக்கே வருவார். தட்டம் எங்கே இருக்கிறது, பீடி நாறுவது எந்த அறையில் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

பலவீனம் கேள்வியில் இருக்கிறது. "சிகரெட் பிடிக்கிறனீங்களோ?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும், அது உண்மையும்கூட. மாமியின் தட்டத்திலிருந்து நாளுக்கு ஏழெட்டுத் தரம் போடுகிற வெற்றிலை பற்றிப் பல நேரம் பேச்சே வராது. அதில் கிள்ளிவைக்கும் புகையிலையிலும் நிக்கோட்டின்தான் இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் அது வாய்த்தோல் வழியே இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏறும். பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கவும், வயிற்றிலேயே இறக்கவும் அது காரணமாகலாம்.

ஆகவே கூடப்போகிற அக்காவோ மச்சாளோ வாய் திறக்கவேண்டும்: பிள்ளைத்தாச்சியின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, மாமி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. அதற்கு முன் மூன்று நாள் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள்: எத்தனை தரம், எந்த நேரம், என்ன சேர்த்து. "கொஞ்சம் போடுறவ" என்பது டொக்டருக்கு ஒன்றுக்கும் உதவாது.

புகையிலையை நாள் குறித்து ஒரேயடியாக விடலாம். முதல் சில நாள் எரிச்சலும் நித்திரையின்மையும் கடுமையாக இருக்கும், பிறகு இரண்டு மூன்று கிழமையில் தணியும். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடம்தான். ஏலக்காய், கராம்பு, நெல்லிக்காய்த் துண்டு ஏதாவது வாயில் கிடந்தால் கடந்துபோகும். புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கைக் கொடுப்பது வழமையான பிழை. பாக்கும் அடிமைப்படுத்தும், பிள்ளையின் நிறையையும் குறைக்கலாம். நிக்கோட்டின் சுயிங்கத்தை டொக்டரைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். கணவர் வீட்டுக்குள் பீடி பிடித்துக்கொண்டிருந்தால் மேலே சொன்னதில் பாதி வீண்.

குடியும் தூளும் வேறு. தினமும் சாராயமோ கசிப்போ (கள்ளச்சாராயம்) எடுப்பவரை வீட்டில் மறித்துவைத்து நிறுத்தக்கூடாது. கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணித்தியாலத்திலேயே கை நடுங்கத் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பும் வரலாம். ஹெரோயினைத் திடீரென நிறுத்தினால் குறைமாதப் பிரசவ ஆபத்து உண்டு. இவற்றுக்கு ஊர்க் கிளினிக் போதாது. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் ஒன்றுக்குப் போகவேண்டும். மகப்பேற்று வைத்தியரும் உளநல வைத்தியரும் சேர்ந்து முடிவெடுக்கும்வரை குடியின், தூளின் அளவை வீட்டில் மாற்றாதீர்கள். கடிதத்தில் "போதைப் பழக்கம்" என்று மட்டும் இருந்தால் அங்கே எல்லாம் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். என்ன, எவ்வளவு, கடைசியாக எப்போது, மூன்றையும் எழுதச்சொல்லிக் கேளுங்கள்.

கிளினிக் இல்லாத நாட்களில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கும், உளநல நிறுவகத்தின் 1926க்கும் எடுக்கலாம். எடுத்தவுடன் தமிழில் கதைக்க ஆள் கேளுங்கள்.

ஒரு சின்னக் கவனம்: உடம்புக்கு நல்லதென்று வாங்கும் அரிட்டங்களிலும் நொதித்து உண்டான மதுசாரம் இருக்கிறது. குடியை விட்டவளுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகு முதல் பத்து நாளில் மிட்வைஃப் இரண்டு தரமாவது வரவேண்டும். தட்டம் திரும்ப வீட்டுக்குள் வருவதும் அநேகமாக அந்த நாட்களில்தான். மிட்வைஃப் வராவிட்டால் பணிமனைக்கு ஒரு கோல் எடுங்கள்.