பற்சக்கரத்துக்குப் பின்னால்: எக்ஸ்11, வேலண்ட்

ஹட்டனில் எங்கள் டியூஷன் வகுப்புக்கென்று வாங்கிய பழைய மடிக்கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. கடவுச்சொல் கேட்கும்போது திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் தெரியும். செயலிகளின் ஜன்னல்களைத் திரையில் காட்டும் அமைப்புக்கு அதற்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வேலண்ட், மற்றது பழைய எக்ஸ்11, அதை நடத்தும் மென்பொருளின் பெயர் எக்ஸ்ஓஆர்ஜி. ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

எக்ஸ்11 1987இல் வந்தது. வேலண்ட் வேலை 2008இல்தான் தொடங்கியது. ப்ரொஜெக்டரைச் செருகியவுடன் அந்த வயது வித்தியாசம் தெரிந்துவிடும். மடிக்கணினித் திரையில் புள்ளிகள் நெருக்கம், ப்ரொஜெக்டரில் அகலம். எக்ஸ்11க்கு எல்லாத் திரைகளும் ஒரே பெரிய பலகை. திரைக்கொரு எழுத்தளவு வேண்டுமென்றால் உபுண்டு ஏதோ ஒட்டுப்போட்டுத் தருகிறது, ஆனால் எங்கள் கிழட்டு மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது. வேலண்டில் இது இயல்பாக நடக்கிறது. காணொளியும் குறுக்கே கிழிவதில்லை. வேலண்டுக்கு மாறாத பழைய செயலிகள் மட்டும் திரையை 125 வீதத்துக்குப் பெரிதாக்கினால் மலைப்பனிக்குள் பார்த்ததுபோல் மங்கல்.

எனக்கு முக்கியம் தமிழ்த் தட்டச்சு. பழகியது ரெங்கநாதன் விசைப்பலகை. உபுண்டுவின் மேசைத்தளமான க்னோமில், ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்தது. நண்பரின் மெஷினில் இருக்கும் கேடிஇ பிளாஸ்மா என்ற வேறு மேசைத்தளத்தில்தான் சிக்கல். அங்கே வேலண்டில் ஐபஸ் போன்ற எஃப்சிடிக்ஸ்5ஐ ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற அமைப்புக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் நிஜ விசைப்பலகை இருப்பவன் அந்தப் பக்கம் ஏன் போகிறான்? அரைநாள் போயிற்று.

அப்புறம், தூரத்திலிருந்து உதவி. கண்டியில் இருக்கும் அண்ணாதான் எங்கள் கம்பியூட்டர் வைத்தியர். எக்ஸ்11இல் அவர் நேரே உள்ளே வந்து சரிசெய்வார். வேலண்டில் இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து ‘பகிர்’ என்று அனுமதி கொடுக்க வேண்டும். ஒருநாள் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு பையன் ‘ரத்து’ என்பதை அழுத்திவிட்டான். விசை, சுட்டி வேலைகளைத் தானாகச் செய்யும் எக்ஸ்டூடூலில் எழுதி வைத்திருந்த சில்லறைத் தானியங்கி வேலைகளும் வேலண்டில் படுத்துவிட்டன. ஆனால் காரணம் நியாயமானது. எக்ஸ்11இல் எந்தச் செயலியும் இன்னொன்றில் தட்டும் கடவுச்சொல்லை ஒட்டுக்கேட்கலாம். வேலண்ட் அந்த வாசலை அடைத்திருக்கிறது.

என்விடியா கிராபிக்ஸ் அட்டை இருந்தால் 2024இல் வந்த 555 ட்ரைவரோ அதற்குப் பிந்தையதோ போட்டுவிட்டு வேலண்டுக்குப் போங்கள். முந்தையதில் திரை மினுங்கிக் கண்ணைக் குத்தும்.

சரி, வகுப்பு மெஷின் வேலண்டுக்குப் போய்விட்டது. அண்ணா கவனிக்கும் வீட்டு மெஷினில் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் மேசைத்தளம், அதன் இயல்புத் தேர்வே எக்ஸ்11தான், அப்படியே இருக்கட்டும். உபுண்டு 25.10இல் க்னோமின் எக்ஸ்ஓஆர்ஜி வழியை நீக்கிவிட்டார்கள். 24.04க்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும், எங்கள் பற்சக்கரத்துக்கும் அதுவரை ஆயுசு.